ஒரே கேட்டுக்கு ரெண்டு வீட்டார் சண்டை: நம்ம பாடசாலை சேர்வரில் உண்மையில் நடந்தது என்ன?



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

கடந்த இரண்டு கிழமையாக நமது ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் ஒரு கதை சுற்றுகிறது. "ஸ்கூல் சேர்வரை யாரோ ஹேக் பண்ணிட்டாங்களாம், பிள்ளைகள்ட மார்க்ஸ் எல்லாம் வெளியில போயிட்டாம்" என்று. இதற்கு வொய்ஸ் மெசேஜ் கூட வந்துவிட்டது. லீவுக்கு ஊருக்கு வந்து எங்களுக்கு உதவி செய்த ஒரு பழைய மாணவரின் பெயரும் அந்தக் கதையோடு சேர்ந்து அடிபடுகிறது. அந்தத் தம்பியின் உம்மா எங்களில் ஒருவரைக் கடைத்தெருவில் கண்டு, "என்ட மகன் அப்படிச் செய்வானா சேர்?" என்று கேட்டு அழுதிருக்கிறார். அதற்குப் பிறகும் நாங்கள் பேசாமல் இருந்தால் அது பாவம்.

நாங்கள் என்றால், கணினி ஆய்வுகூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள். எங்களில் யாரும் பெரிய கணினிப் பொறியியலாளர்கள் இல்லை. கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்துவிட்டு வந்து, மிச்சத்தை இரவில் யூடியூப் பார்த்தும் பிழைவிட்டும் பழகியவர்கள். அதனால் இங்கே எழுதுவதை யாருக்கும் விளங்கும்படி எழுத முயல்கிறோம்.

முதலில் பதில்: சேர்வரை யாரும் ஹேக் பண்ணவில்லை. இரண்டு மென்பொருள்கள் ஒரே போர்ட்டுக்குப் போட்டி போட்டன. ஆனால் அந்தப் போட்டியைத் தீர்க்கப் போன இடத்தில் எங்களுடைய கவலையீனம் ஒன்று வெளியே வந்தது. அதையும் மறைக்காமல் கீழே சொல்கிறோம்.

நடந்தது இதுதான்

ஆய்வுகூடத்தின் மூலையில், பழைய மாணவர் சங்கம் தந்த ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கிறது. அதைத்தான் நாம் சேர்வர் என்கிறோம். இன்டர்நெட் இல்லாத நேரத்திலும் பிள்ளைகள் பாடசாலை வைஃபையில் அதற்குள் போகலாம். கடந்தகால வினாத்தாள்கள் ஒரு பக்கம். மூடில் என்ற மென்பொருளில் வினாடிவினாக்கள் ஒரு பக்கம். ஆசிரியர்கள் தவணைப் புள்ளிகளைப் பதியும் பக்கம் இன்னொன்று. எல்லாம் டொக்கர் என்ற முறையில் தனித்தனி கொண்டெய்னராக ஓடுகின்றன.

வினாடிவினாப் பக்கத்துக்குப் போக சேர்வரின் முகவரியோடு 8080 என்ற இலக்கத்தையும் அடிக்க வேண்டும். அதை ஆய்வுகூடச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். தரம் 11 பிள்ளைகள் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தத் தம்பி வந்தது நூலகப் புத்தகப் பட்டியலைக் கணினிக்குள் கொண்டுவர. அவர் கொண்டுவந்த மென்பொருளும் வழிகாட்டலில் உள்ளபடி 8080ஐக் கேட்டது. டொக்கர் மறுத்தது. இந்தப் போர்ட் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று திரையில் சொன்னது. அவர் ஓடிக்கொண்டிருந்த கொண்டெய்னர்களின் பட்டியலைப் பார்த்தார். 8080ஐப் பிடித்திருந்த கொண்டெய்னருக்கு நாங்கள் பெயர் வைத்திருக்கவில்லை. பெயர் வைக்காவிட்டால் டொக்கர் தானாகவே ஒரு ஆங்கிலப் பெயரடையையும் ஒரு அறிஞரின் பெயரையும் ஒட்டி ஏதோ ஒன்றை வைத்துவிடும். அதைப் பார்த்தவர் யாரோ சோதனைக்கு ஓடவிட்டு மறந்துபோனது என்று நினைத்து நிறுத்திவிட்டார். நூலகப் பக்கம் வந்தது. மஃரிபுக்குப் போய்விட்டு வந்து எங்களிடம் காட்டினார். நாங்களும் சந்தோஷப்பட்டோம். மறுநாள் அவர் கொழும்புக்குப் போய்விட்டார்.

அடுத்த நாள் காலை தரம் 11 பிள்ளைகள் மீட்டல் வினாடிவினாவுக்கு வந்து அதே முகவரியை அடித்தால் புத்தகப் பட்டியல் வருகிறது. அன்று பாடம் வீண். அன்றிரவு ஊரில் கரண்ட் போய் வந்தது. மறுநாள் பார்த்தால் வினாடிவினா திரும்ப வந்திருக்கிறது, நூலகப் பக்கத்தைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து இன்னொரு கரண்ட் கட். இப்போது நூலகம் இருக்கிறது, வினாடிவினா இல்லை. பேய் பிடித்த மாதிரி ஒரு நாள் அது, ஒரு நாள் இது. "யாரோ உள்ளே இருந்து விளையாடுறாங்க" என்ற கதை பிறந்தது இங்கேதான்.

பேய் இல்லை. இரண்டு கொண்டெய்னருக்கும், நின்றால் எப்போதும் மறுபடி தொடங்கு என்ற அமைப்பை வைத்திருந்தோம். அந்த அமைப்பில் ஒரு விஷயம் உண்டு. கையால் நிறுத்திய கொண்டெய்னர் கூட, கொம்பியூட்டர் அணைந்து டொக்கர் மறுபடி தொடங்கும்போது தானாக எழும்பும். ஆகவே கரண்ட் வந்ததும் இரண்டும் எழும்பி 8080ஐ நோக்கி ஓடின. முந்தியது பிடித்துக்கொண்டது, பிந்தியது விழுந்துவிட்டது. நாங்களே நிறுத்தினால் நின்றபடியே இரு என்று சொல்லும் வேறொரு அமைப்பும் டொக்கரில் இருக்கிறது. அதை நாங்கள் போட்டிருக்கவில்லை.

போர்ட் என்றால் என்ன?

கொண்டெய்னர் என்றதும் கொழும்புத் துறைமுகத்தில் அடுக்கி வைத்திருக்கும் இரும்புப் பெட்டிகள் நினைவுக்கு வரும். பெயர் அங்கிருந்து எடுத்ததுதான். உள்ளே என்ன இருந்தாலும் பெட்டியின் வெளி அளவு ஒன்று, எந்தக் கப்பலிலும் ஏற்றலாம். 2013இல் வெளிவந்த டொக்கர் அதே எண்ணத்தை மென்பொருளுக்குக் கொண்டுவந்தது.

ஆனால் போர்ட் சண்டையை விளங்கிக்கொள்ள நமது கிழக்குப் பக்கத்து வளவு நல்ல உதாரணம். ஒரே வளவுக்குள் மூத்த மகளுக்கு ஒரு வீடு, இளைய மகளுக்கு ஒரு வீடு என்று கட்டிக் கொடுத்திருப்போம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி முன்கதவு. லாத்தாவின் வீட்டுக்கு முன்கதவு இருப்பதால் தங்கச்சியின் வீட்டில் முன்கதவு வைக்கக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை. சண்டை வருவது ரோட்டைப் பார்த்த கேட்டில்தான்.

கொம்பியூட்டரில் இந்தக் கதவுகளின் இலக்கம்தான் போர்ட். 0 முதல் 65535 வரை இலக்கங்கள் இருக்கின்றன. வெப்சைட்டுகளுக்கு வழக்கமாக 80, பூட்டுப் போட்ட வெப்சைட்டுகளுக்கு 443, மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்துக்கு 3306, போஸ்ட்கிரஸுக்கு 5432. சாதாரண நிலையில் ஒவ்வொரு கொண்டெய்னரும் தனக்கென்று ஒரு உள் முகவரியோடு தனி வீட்டில் இருக்கும். ஆகவே பத்துக் கொண்டெய்னர்கள் ஒரே வலையமைப்பில் இருந்து, பத்தும் உள்ளே 80ஐத் திறந்து வைத்திருந்தாலும் மோதல் இல்லை. மோதல் வருவது மூன்று இடங்களில்.

முதலாவது, வெளிக் கேட். 8080:80 என்று எழுதினால் இடப்பக்கம் இருப்பது சேர்வரின் வெளிக் கேட், வலப்பக்கம் இருப்பது கொண்டெய்னரின் உள்கதவு. இரண்டு கொண்டெய்னர்கள் இடப்பக்கத்தில் ஒரே இலக்கத்தைக் கேட்டால் இரண்டாவது தொடங்காது. நமக்கு நடந்தது இதுதான். இதில் நம் பிள்ளைகள் அடிக்கடி விடும் பிழை, இடப்பக்கத்துக்குப் பதிலாக வலப்பக்க இலக்கத்தை மாற்றுவது. வெளிக் கேட் அப்படியே இருப்பதால் சண்டை தீராது. இரண்டு பக்கத்தையும் மாற்றிவிட்டால் கொண்டெய்னர் தொடங்கும், ஆனால் பக்கம் வராது. உள்ளே யாரும் இல்லாத கதவைத் தட்டிக்கொண்டிருப்போம்.

இரண்டாவது, வளவுக்குள் தனி வீடே கட்டாமல் எல்லாரும் பெரிய ஹோலில் படுப்பது. டொக்கரில் ஹோஸ்ட் நெட்வொர்க் என்ற முறை இது. கொண்டெய்னருக்குத் தனி வலையமைப்பு கிடையாது, சேர்வரின் கதவுகளையே நேராகப் பாவிக்கும். இங்கே 8080:80 என்று எழுதி ஒரு பயனும் இல்லை, டொக்கர் அதைக் கணக்கில் எடுக்காது. இரண்டு மென்பொருள் 80ஐக் கேட்டால், ஒன்றின் சொந்த அமைப்புக் கோப்புக்குள் போய் இலக்கத்தை மாற்றினால்தான் உண்டு.

மூன்றாவது, இரண்டு குடும்பம் ஒரே வீட்டில் இருப்பது. ஒரு கொண்டெய்னரை இன்னொன்றின் வலையமைப்புக்குள் குடியமர்த்தலாம். குபர்நெட்டிஸ் பாவிக்கும் பெரிய நிறுவனங்களில் பொட் என்று சொல்வதும் இந்த மாதிரித்தான். ஒரே பொட்டுக்குள் இருக்கும் கொண்டெய்னர்கள் ஒரே முகவரியையும் ஒரே கதவுகளையும் பங்கு போடும். ஒன்று 80ஐப் பிடித்தால் மற்றது வேறு போர்ட் பார்க்க வேண்டும்.

வெளியில் பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி, பக்கம் வராது. ஆனால் மருந்து மூன்றுக்கும் வேறு. காய்ச்சல் என்று வந்த எல்லாருக்கும் ஒரே குளிசையைக் கொடுக்க முடியாதுதானே.

பிழைச்செய்தி நமக்கு எதிரி இல்லை

ஆசிரியர்களாக எங்களுக்கு இந்தச் சம்பவத்தில் வருத்தம் தந்த விஷயம் ஒன்று உண்டு. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தால் பிள்ளைகள் அதை வாசிப்பதில்லை. போட்டோ எடுத்து அனுப்பி "சேர் எரர் வருது" என்பார்கள். என்ன எரர் என்று கேட்டால் தெரியாது. நாங்களும் சில வேளை அப்படித்தான்.

உண்மையில் டொக்கர் அன்று மிகத் தெளிவாகப் பேசியது. போர்ட் ஏற்கெனவே கொடுக்கப்பட்டுவிட்டது என்று வந்தால், பெரும்பாலும் இன்னொரு கொண்டெய்னர் அதை வைத்திருக்கிறது. முகவரி ஏற்கெனவே பாவனையில் இருக்கிறது என்று வந்தால், டொக்கருக்கு வெளியே சேர்வரில் நேரடியாக நிறுவிய ஏதோ ஒன்று, உதாரணத்துக்கு ஒரு பழைய அபாச்சி, அந்தக் கதவில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஹோஸ்ட் நெட்வொர்க்கிலும் பொட்டிலும் கூட இந்த இரண்டாவது வரிதான் வரும். யார் நிற்கிறார்கள் என்று பார்க்க, கொண்டெய்னர் பட்டியலில் போர்ட் நிரல் இருக்கிறது. உபுண்டுவில் எஸ்எஸ் என்ற சின்னக் கட்டளை, எந்தப் போர்ட்டில் எந்த மென்பொருள் காத்திருக்கிறது என்று காட்டும். விண்டோஸில் நெட்ஸ்டாட் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை.

யார் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு இன்னொரு கேள்வி இருக்கிறது. அவர் யாருக்காக நிற்கிறார்? இதற்குக் கட்டளை கிடையாது. ஆளைக் கேட்க வேண்டும். அந்தத் தம்பி முதல் கேள்விக்குப் பதில் தேடினார். இரண்டாவதைக் கேட்க அவருக்கு வழி இருக்கவில்லை. பெயரில்லாத கொண்டெய்னர், எழுதி வைக்காத இலக்கம், சொந்தக்காரர் யாரென்று ஒரு துண்டு காகிதம் கூட இல்லை. ஆளில்லாத வளவில் பெயர்ப்பலகை இல்லாத கேட்டைக் கண்டவர் என்ன நினைப்பார்? குற்றம் யாருடையது என்று கேட்டால் எங்களுடையது என்றுதான் சொல்வோம்.

"நம்பரை மாத்தினா சரிதானே?"

இதைச் சொன்னவர்கள் பலர். நூலகத்துக்கு 8081 கொடுத்தால் முடிந்தது என்று. வீட்டில் லப்டொப்பில் பழகும்போது அது சரியான வழி. நாங்களும் பிள்ளைகளுக்கு அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் நூற்றுக்கணக்கானவர்கள் பாவிக்கும் சேர்வரில் அது பிரச்சினையைத் தள்ளிப்போடும் வேலை. இன்று 8081, நாளை 8082. தரம் 6 பிள்ளைக்கு எந்தப் பாடத்துக்கு எந்த இலக்கம் என்று நினைவிருக்குமா? சுவரில் ஒட்டியதையும் கொப்பியில் எழுதியதையும் யார் மாற்றுவது?

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. மேலே நாங்கள் சொன்ன கவலையீனம் அதுதான்.

மூடிலுக்கு ஒரு தரவுத்தளம், புள்ளிப் பதிவுக்கு ஒரு தரவுத்தளம். இரண்டும் 3306. சென்ற வருடம் இரண்டாவதைத் தொடங்கும்போது இதே மோதல் வந்தது. எங்களில் ஒருவர் அதை 3307 ஆக்கினார். வேலை செய்தது. எல்லாரும் மறந்துவிட்டோம். இப்போது 8080 பிரச்சினைக்காக எல்லாப் போர்ட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் விளங்கியது: அந்த இரண்டு தரவுத்தளமும் வெளிக் கேட்டில் திறந்தே இருந்திருக்கின்றன. பாடசாலை வைஃபையில் இருந்த எந்த போனும் அந்தக் கதவைத் தட்டியிருக்கலாம். பாஸ்வேர்டும் ஒரு கெட்டிக்காரப் பிள்ளை ஊகிக்கக்கூடிய ஒன்று.

"ஃபயர்வோல் போட்டிருந்தோமே" என்று நாங்களும் நினைத்தோம். உபுண்டுவின் யூஎஃப்டபிள்யூவில் தேவையில்லாத போர்ட்டுகளைப் பூட்டித்தான் வைத்திருந்தோம். ஆனால் டொக்கர் ஒரு போர்ட்டை வெளியே திறக்கும்போது தானே தனி விதிகளை எழுதி, வரும் தரவை நேராகக் கொண்டெய்னருக்குத் திருப்பிவிடுகிறது. யூஎஃப்டபிள்யூவின் பூட்டு இருக்கும் வாசல் வழியாக அந்தத் தரவு போவதே இல்லை. இலக்கத்துக்கு முன்னால் முகவரி எதுவும் எழுதாவிட்டால், சேர்வரின் எல்லா வலையமைப்பு முகவரிகளிலும் அந்தக் கேட் திறக்கும். இது டொக்கரின் இரகசியம் இல்லை, அவர்களுடைய ஆவணங்களிலேயே இருக்கிறது. நாங்கள்தான் வாசிக்கவில்லை.

பெற்றோர்களே, இதை நேராகச் சொல்கிறோம். ரவுட்டர் இந்தப் போர்ட்டுகளை வெளி இன்டர்நெட்டுக்குத் திறந்துவிடவில்லை. பாடசாலை வைஃபைக்குள் மட்டும்தான் அந்த ஆபத்து இருந்தது. இருக்கும் பதிவுகளைப் பார்த்தோம். வேறு ஆள் உள்ளே வந்ததற்கான அடையாளம் எங்கள் கண்ணில் படவில்லை. ஆனால் யாரும் வரவே இல்லை என்று சத்தியம் பண்ணும் அளவுக்குப் பதிவுகள் முழுமையாக இல்லை. தவணைப் புள்ளிகளைப் பேப்பரில் உள்ள புள்ளிப் பதிவேட்டோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம், வித்தியாசம் இல்லை. பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டோம். பிள்ளைகளின் புள்ளி என்பது உங்கள் அமானிதம். அதை இத்தனை மாதம் கதவு திறந்த வீட்டில் வைத்திருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறோம்.

3307 ஆக்கிய அன்று பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தோமே, அதுதான் எங்களுக்குப் பாடம். எந்த இலக்கம் என்று மட்டும் பார்த்தோம். இந்தக் கேட் வெளியே தேவையா என்று கேட்கவில்லை. தேவையே இல்லை. டொக்கரில் நாமே பெயர் வைத்து உருவாக்கும் வலையமைப்புக்குள் இருக்கும் கொண்டெய்னர்கள் ஒன்றையொன்று பெயரால் கூப்பிடலாம். கொம்போஸ் கோப்பில் எழுதினால் அந்த வலையமைப்பு தானாகவே உருவாகும். மூடில் தன் தரவுத்தளத்தை அதன் பெயரையும் உள் இலக்கமான 3306ஐயும் சொல்லிக் கூப்பிடும். இரண்டு தரவுத்தளமும் உள்ளே 3306ஆகவே இருக்கலாம். வெளிக் கேட்டே இல்லாத இடத்தில் மோதலுக்கு என்ன இருக்கிறது?

இப்போது செய்திருப்பது

ஒன்று, தரவுத்தளங்களுக்கு வெளிக் கேட்டை மூடிவிட்டோம். பராமரிப்புக்குத் தேவைப்படும் ஒன்றை மட்டும் 127.0.0.1:3307:3306 என்று எழுதியிருக்கிறோம். அதன் அர்த்தம், சேர்வருக்கு முன்னால் உட்கார்ந்தவர் மட்டும் போகலாம், வைஃபையில் இருப்பவர் போக முடியாது.

இரண்டு, ரோட்டுக் கேட்டில் ஒரு காவலாளியை வைத்திருக்கிறோம். ரிவர்ஸ் ப்ரொக்சி என்பார்கள். என்ஜின்எக்ஸ், கெடி, ட்ரஃபிக் என்று இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. நாங்கள் எடுத்தது என்ஜின்எக்ஸ். 80ஐ அது மட்டும்தான் பிடித்திருக்கிறது. பிள்ளை அடிக்கும் பெயரைப் பார்த்து, வினாடிவினாவுக்கு வந்தவரை அந்த வீட்டுக்கும் நூலகத்துக்கு வந்தவரை இந்த வீட்டுக்கும் அனுப்புகிறது. இனி இலக்கம் பாடமாக்கத் தேவையில்லை, பெயர் போதும். இதற்கு இரண்டு வேலை கூடுதலாகச் செய்ய வேண்டியிருந்தது. அந்தப் பெயர்கள் சேர்வரைத்தான் குறிக்கின்றன என்று ரவுட்டரில் பதிய வேண்டும். மூடிலின் அமைப்புக் கோப்பிலும் புதிய முகவரியை எழுத வேண்டும், இல்லாவிட்டால் அது பிள்ளைகளைப் பழைய 8080க்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கும். இரண்டாவதை மறந்து அரை நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம்.

மூன்று, எல்லாக் கொண்டெய்னருக்கும் பெயர் வைத்துவிட்டோம். சேர்வருக்குப் பக்கத்தில் ஒரு சீஆர் கொப்பி தொங்குகிறது. பெயர், எந்தப் போர்ட், எதற்காக, பொறுப்பு யார், போன் நம்பர். ஐந்து நிரல்தான். பென்சிலும் கட்டியிருக்கிறோம்.

நான்கு, ஓடிக்கொண்டிருக்கும் எதையும் நிறுத்த முன் அந்தக் கொப்பியில் உள்ளவருக்கு ஒரு கோல் எடுக்க வேண்டும். அது எங்களுக்கும் சட்டம், வருபவருக்கும் சட்டம்.

கூட்டத்தில் பேசப்போவது பற்றி

அடுத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மூன்று யோசனைகள் வரப்போவதாகக் கேள்விப்பட்டோம். எங்கள் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

"வெளி ஆட்களை இனி ஆய்வுகூடத்துக்குள் விடக்கூடாது" என்பது ஒன்று. இதை முழுமையாக எதிர்க்கிறோம். அந்தத் தம்பி வந்திருக்காவிட்டால் நூலகப் பட்டியல் இன்றும் தூசு படிந்த ரெஜிஸ்டரில்தான் இருந்திருக்கும். அவர் வந்ததால்தான் தரவுத்தளக் கதவு திறந்திருந்ததும் தெரியவந்தது. ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் லீவில் கூட்டாளிமாரோடு கடற்கரையில் இருக்கலாம். அதை விட்டுவிட்டு இரண்டு நாள் நமக்காக ஒதுக்குகிறார்கள். அவர்களுக்கு நாம் தரும் பரிசு வட்ஸ்அப்பில் கெட்ட பெயர் என்றால், அடுத்த வருடம் யார் வருவார்?

"மாதக் கட்டணம் கொடுத்து ஒரு கம்பனியிடம் ஒப்படைப்போம்" என்பது இரண்டாவது. வசதி இருந்தால் நல்லது. ஆனால் கம்பனி வந்தாலும், எந்தப் பக்கம் யாருக்கு, எது வெளியே தெரியலாம், எது தெரியக்கூடாது என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல ஒரு கொப்பி கூட நம்மிடம் இருக்கவில்லை என்பதுதான் நடந்த கதை. அதோடு, உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகளுக்குத் தொட்டுப் பழக இதைவிட நல்ல சேர்வர் எங்கே கிடைக்கும்?

"சேர்வரே வேண்டாம், பழையபடி வட்ஸ்அப்பில் பேப்பர்களைப் போடுங்க" என்பது மூன்றாவது. டேட்டா போட வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்கள் பாடசாலை விட்ட பிறகு அரை மணி நேரம் நின்று அந்த வைஃபையில்தான் வினாத்தாள் பார்க்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அந்த அரை மணி நேரம் பெரிது. அதைப் பறிக்க வேண்டாம்.

பங்கு வளவில் கேட்டுப் பிரச்சினை வந்தால் நமது பெரியவர்கள் வீட்டை உடைக்கச் சொல்வதில்லை. உட்காரவைத்து மஷூரா செய்து, யார் எந்தப் பக்கத்தால் போவது என்று எழுதி வைப்பார்கள். சேர்வருக்கும் அதே வழி போதும் என்று நினைக்கிறோம்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்

ஒன்று, அந்தத் தம்பியைப் பற்றிய வொய்ஸ் மெசேஜை அனுப்பியவர்கள், அனுப்பிய அதே குழுமத்தில் இந்தப் பதிவையும் போடுங்கள். அவருடைய வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் இன்னும் நல்லது. நாங்கள் நேற்று போய் வந்தோம்.

இரண்டு, பிள்ளைகள் பழைய 8080 முகவரியைக் கொப்பியில் வெட்டிவிட்டுப் புதிய பெயர்களை எழுதட்டும். வகுப்பாசிரியர்கள் திங்கட்கிழமை கரும்பலகையில் எழுதிவிடுவார்கள்.

மூன்று, இந்தத் துறையில் வேலை செய்யும் பழைய மாணவர்கள், கொழும்பிலோ கட்டாரிலோ எங்கே இருந்தாலும் சரி, நாங்கள் இங்கே எழுதியதில் பிழை இருந்தால் கீழே திருத்துங்கள். வெட்கப்பட மாட்டோம். ஊருக்கு வரும்போது ஆய்வுகூடத்துக்கும் ஒரு எட்டு வாருங்கள். கொப்பி அங்கேயே தொங்கும், பெயரை எழுதிவிட்டு வேலையைத் தொடங்கலாம்.